படம் வராத பிபிசி மைக்ரோ: நீங்களே பார்ப்பதா, மெக்கானிக்கிடம் கொடுப்பதா, வெளியூர் அனுப்புவதா?

வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த 1984ல், நடுவண் அரசு பள்ளிகளுக்காகக் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போனது, இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981ல் வெளியிட்ட பிபிசி மைக்ரோ. மொகாலியிலிருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் அதையே உரிமம் பெற்று யூனிகார்ன் என்ற பெயரில் இங்கே தயாரித்தது. பழைய ஆய்வகத்துப் பீரோவையோ ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுப் பரணையோ காலி செய்யும்போது இந்த வெளிர்மஞ்சள் பெட்டி கைக்கு வந்தால், எடைக்குப் போடாதீர்கள். படம் வரவில்லை என்பதற்காக அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

வேலூரில் உட்கார்ந்திருப்பவருக்கு இதில் நான்கு வழிகள் உண்டு: தானே பழுது பார்ப்பது, தெருமுனை டிவி மெக்கானிக்கிடம் கொடுப்பது, சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்புவது, இயந்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, அதைப் போலவே நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் ஓட்டிக்கொள்வது. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெட்டி முழுவதையும் ஒரே வழியில் தள்ளிவிடக் கூடாது. பவர் சப்ளைக்கு மெக்கானிக் நல்லவர். போர்டுக்கு நீங்களே நல்லவர். வெளியூர் அனுப்புவது, கீழே சொல்லும் சோதனைகளைச் செய்து முடித்த பிறகுதான். ஐசி, அதாவது போர்டிலுள்ள சில்லு, வாங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி.

சுவிட்சைப் போடும் முன்: பவர் சப்ளை

பல வருடம் சும்மா கிடந்த பெட்டியை நேராகப் பிளக்கில் செருகுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. பவர் சப்ளைக்குள் மெயின்ஸ் லைனுக்குக் குறுக்கே இரண்டு எக்ஸ்2 வகைக் கெபாசிட்டர்கள் இருக்கின்றன: ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், மற்றது 0.01 மைக்ரோஃபாரட். பழைய உருப்படிகளில் இவை தாளும் உலோகமும் சுற்றி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வார்த்தவை. அந்தப் பிளாஸ்டிக்கில் காலப்போக்கில் மயிரிழை வெடிப்பு விழும்; ஐப்பசி மழை ஈரம் அதன் வழியாகத் தாளுக்குள் இறங்கும். பிறகு ஒரு நாள் சுவிட்சைப் போட்ட பத்தாவது நிமிடத்தில் வெடித்து, அறை முழுக்க நெடியடிக்கும் புகை. அவற்றின் அளவு 250 வோல்ட் ஏசி. இரவில் லோடு குறைந்ததும் லைன் 250ஐத் தொடும் தெருக்களில் அதற்கு மேல் கொஞ்சமும் இடமில்லை.

இங்கே மூன்று தேர்வுகள்.

முதலாவது, இருப்பதையே சரிசெய்வது. இரண்டு எக்ஸ்2 கெபாசிட்டர்களையும் 275 அல்லது 310 வோல்ட் ஏசி என்று அச்சிட்ட பிலிம் வகை எக்ஸ்2வால் மாற்ற வேண்டும். கூடவே, வறண்டுபோகும் 220 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் ஒன்று இருக்கிறது. அதையும் 105 டிகிரி வகையில் மாற்றுங்கள். மூன்றும் சேர்ந்து சில பத்து ரூபாய்தான். எக்ஸ்2 கிடைக்கவில்லை என்று 400 வோல்ட் டிசி கெபாசிட்டரைப் போடச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். எக்ஸ்2 வகை, லைனில் வோல்ட்டேஜ் திடீரென எகிறித் துளை விழுந்தாலும் அந்த இடத்தைத் தானே எரித்துத் தனித்துவிடும்படி செய்யப்பட்டது. மற்றது ஷார்ட் ஆகி நெருப்புக்கு வழி செய்யும்.

இரண்டாவது, பழைய பெட்டியின் உள்ளே புது சப்ளை வைப்பது. இதற்கு +5, +12, –5 மூன்றும் தரும் தொழிற்சாலை வகை எஸ்எம்பிஎஸ் வேண்டும். மூல சப்ளை 5 வோல்ட்டில் 3.75 ஆம்பியர் கொடுத்தது, புதியதும் அதற்குக் குறையக் கூடாது. பாதுகாப்பில் இதுதான் மேல். ஆனால் பெட்டிக்குள் பொருத்துவது, வெளிக் கருவிகளுக்கு மின்சாரம் தரும் துணைச் சாக்கெட்டுக்கு வயரிழுப்பது என்று வேலை நீளும், பழமையும் போகும்.

மூன்றாவது, சோதனைக்கு மட்டும்: கடைப் பெயர்ப்பலகை எல்இடிக்குப் போடுகிற 5 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ். பெரிய எலக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வெளியே தனியாக ஓட்டி, அதன் சின்னத் திருகால் 5.05 வோல்ட்டுக்கு வைத்துவிட்டுப் பிறகே போர்டில் மாட்டுங்கள். –5 இல்லாமல் ஒலி, கேசட், வரிசைத் தொடர்பு ஆகியவை பாதிக்கும். படம் வருவதற்கு +5 போதும். மொபைல் சார்ஜர் வேண்டாம். இந்தப் போர்டு இழுக்கும் மின்னோட்டத்தில் அதன் மெல்லிய வயரிலேயே அரை வோல்ட் விழுந்துவிடும். நல்ல போர்டுகூடப் பழுதானது போல நடிக்கும்.

எதை எடுப்பது? சால்டரிங் பழக்கம் உள்ளவர்கூட மெயின்ஸ் பக்கத்தில் கை வைத்ததில்லை என்றால், முதல் வேலையை டிவி மெக்கானிக்கிடம் கொடுங்கள். முப்பது வருடமாக அவர் கையில் ஓடியதும் இதே எஸ்எம்பிஎஸ்தான். உள்ளே பெரிய கெபாசிட்டரில் 230 வோல்ட்டின் உச்சமான சுமார் 325 வோல்ட் டிசி தேங்கி நிற்கும் என்பதும், அதை ரெசிஸ்டர் வழியாக வடிக்க வேண்டும் என்பதும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாற்றிய பின் முதல் ஓட்டத்தை 60 வாட் குண்டு பல்பு போட்ட சீரிஸ் லேம்ப் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள்: பல்பு ஒரு நொடி பிரகாசித்து மங்கினால் நல்லது, முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லி வையுங்கள்: போர்டைக் கழற்றிவிட்டு, லோடுக்குப் பழைய கார் பல்போ பவர் ரெசிஸ்டரோ கட்டிப் பார்க்க வேண்டும். லோடே இல்லாமல் ஓட்டினால் வரும் வோல்ட்டேஜை நம்ப முடியாது.

பழைய வீடுகளில் மூன்று துளைப் பாயின்ட் இருந்தும் எர்த் வயர் வந்திருக்காது. கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுரீர் என்றால் அதுதான் காரணம். அதைச் சரிசெய்யாமல் டிவியோடு கேபிள் மாட்டாதீர்கள். அந்தக் கசிவு மின்சாரம் வீடியோ ஐசி வழியாக இறங்கும்.

கண்ணுக்கு முன் காது

சப்ளை சரியானதும் ஏழு கம்பிகளையும் மாட்டுங்கள்: சிவப்பு மூன்று +5, கறுப்பு மூன்று 0, ஊதா ஒன்று –5. ஸ்பேட் கனெக்டர்கள் தளர்ந்திருக்கும், குறட்டால் மெதுவாக அழுத்தி இறுக்கிவிடுங்கள். மல்டிமீட்டரைச் சப்ளை முனையில் வைத்து 5 வோல்ட் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். செயலியான 6502 ஐசியின் 8ஆவது காலுக்கும் 1ஆவது காலுக்கும் இடையே அளந்து பாருங்கள். 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்க வேண்டும், 4.9க்குக் கீழே இருந்தாலே நாங்கள் கனெக்டரைச் சந்தேகிப்போம்.

இந்த இயந்திரம் படமே இல்லாமல் தன் உடம்பில் என்ன கோளாறு என்று சொல்லக்கூடியது. நல்ல நிலையில் அது தாழ்ந்த சுருதியில் ஒரு "பூ", உடனே உயர்ந்த சுருதியில் ஒரு "பீப்" என்று எழும். அந்தத் தாழ்ந்த ஒலி யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. 76489 ஒலி ஐசி, மின்சாரம் வந்ததும் தானாகக் கத்துகிறது. இயக்க நிரல் ஓடத் தொடங்கி அதன் வாயை மூடுகிறது. பிறகு நலமாக இருக்கிறேன் என்று ஒரு பீப் தருகிறது. இதிலிருந்து மூன்று நிலைகளைப் பிரிக்கலாம்.

"பூ… பீப்" கேட்கிறது, கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறது, அந்தக் கட்டையை அழுத்தினால் விளக்கு அணைந்து எரிகிறது. அப்படியானால் செயலி, ரோம், பெரும்பாலான ராம் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. கன்ட்ரோல் கட்டையோடு ஜி அழுத்திப் பாருங்கள், இன்னொரு பீப் வந்தால் சந்தேகமே வேண்டாம். பழுது படம் வெளியே வரும் பாதையில். இந்த நிலையில் பெட்டியை வெளியூர் அனுப்புவது வீண் செலவு.

"பூ" என்ற ஒலி நிற்காமல் நீள்கிறது. ஒலி ஐசிக்கு மின்சாரமும் கடிகாரத் துடிப்பும் போகின்றன, செயலி நிரலை ஓட்டவில்லை. 6502, ஐசி 51 என்ற இயக்க நிரல் ரோம், கீபோர்டையும் ஒலியையும் செயலியோடு இணைக்கும் ஐசி 3 என்ற 6522 ஆகியவற்றின் சாக்கெட்டுகளை முதலில் பாருங்கள்.

ஒலியே இல்லை. –5 வோல்ட்டும் ஸ்பீக்கர் வயரும் சரியென்றால், 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலையும் ஐசி 6 என்ற வீடியோ யூஎல்ஏவையும் (இந்தக் கணினிக்கென்றே செய்த ஐசி) சந்தேகியுங்கள். 16 மெகாஹெர்ட்ஸைப் பகிர்ந்து மற்ற ஐசிகளுக்கு 8, 4, 2, 1 என்று கொடுப்பது அந்த யூஎல்ஏதான். பெயர் வீடியோ என்றாலும் அது நின்றால் முழு இயந்திரமும் நிற்கும்.

காட்சி வழி: எந்தத் துளையில் மாட்டுவது

முதல் நிலைக்காரர்கள் இங்கே கவனியுங்கள். பின்பக்கம் மூன்று வெளியீடுகள் உள்ளன. டிவி ஆன்டெனாவுக்கான ஆர்எஃப், யூஎச்எஃப் 36ஆம் சேனலில் வரும். பிஎன்சி சாக்கெட்டில், முழுப் படமும் ஒரே கம்பியில் வரும் காம்போசிட். ஆறு முள் டின் சாக்கெட்டில், மூன்று நிறமும் தனித்தனிக் கம்பியில் வரும் ஆர்ஜிபி.

ஆர்எஃப்பை விட்டுவிடுங்கள். மாடுலேட்டர் வருடக் கணக்கில் அலைவரிசை நகர்ந்திருக்கும்; டிவியின் தானியங்கித் தேடல் அதைத் தாண்டிப் போய்விடும். படம் வராததற்குப் பழுது கணினியிலா டிவியிலா என்று தெரியாமல் நாட்கள் போகும்.

பிஎன்சிதான் சோதனைக்கு முதல் தேர்வு, நம் ஊரில் அதற்கு ஒரு வசதியும் உண்டு. பழைய சிசிடிவி கேமராக்களின் சாக்கெட்டும் இதே பிஎன்சி, சிக்னலும் இதே 75 ஓம், 1 வோல்ட் காம்போசிட். சிசிடிவி பொருத்துபவரின் கையடக்கச் சோதனைத் திரையில் காம்போசிட் உள்ளீடு இருந்தால், அதை மாட்டிய ஐந்தாவது நொடியில் விடை தெரியும். இல்லாவிட்டால் பிஎன்சியிலிருந்து ஆர்சிஏவுக்கு மாறும் அடாப்டர் ஒன்று வாங்கி, பரணிலிருக்கும் பழைய குண்டு டிவியின் ஏவி உள்ளீட்டில் மாட்டுங்கள். 2006க்குப் பிறகு தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலப் பெட்டி வீட்டில் இன்னும் உயிரோடு இருந்து, அதில் ஏவி உள்ளீடும் இருந்தால், இந்த வேலைக்கு வேறு திரையே தேவையில்லை. படம் கறுப்பு வெள்ளையில் வரும், அது பழுதல்ல. நிறச் சிக்னல் கலக்காமல் வருவதால் எழுத்து இன்னும் கூர்மையாகத்தான் இருக்கும். வண்ணம் வேண்டுமானால் போர்டில் எஸ்39 என்ற இணைப்பை மூட வேண்டும்.

காம்போசிட்டை எச்டிஎம்ஐ ஆக்கும் மலிவுப் பெட்டிகளைத் தினசரி பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். பழுது தேடும்போது வேண்டாம். படத்தை நிலையாக நிறுத்தும் சிங்க் சிக்னல் கொஞ்சம் தடுமாறினாலும் அவை நீலத் திரை காட்டி, இருக்கும் படத்தையும் மறைத்துவிடும். குண்டு டிவியோ உருண்டு புரண்டாவது எதையாவது காட்டும். அந்தப் புரளலே ஒரு தடயம்.

பழுது தீர்ந்த பின் நிரந்தரத் திரைக்கு ஆர்ஜிபிதான் சரி. டின் சாக்கெட்டில் 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம், 4 சிங்க், 5 தரை, 6 +5 வோல்ட். இதை இன்றைய திரைக்கு மாற்றித் தர இரண்டு பலகைகள் போட்டியிடுகின்றன. ஜிபிஎஸ்-8200 மலிவு, விஜிஏ மானிட்டருக்குப் போகும். ஆனால் அது எதிர்பார்ப்பது 0.7 வோல்ட், இங்கே வருவது 4 வோல்ட் அளவு டிடிஎல் என்ற டிஜிட்டல் சிக்னல். அதன் 75 ஓம் உள்ளீட்டோடு கணக்குப் போட்டால், ஒவ்வொரு நிறக் கம்பியிலும் 330 ஓம் தொடராகப் போட வேண்டும். போடாமல் மாட்டினால் நிறம் வெளிறும், பலகையும் சூடேறும். ராஸ்பெரி பை ஜீரோவில் ஓடும் ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ பலகைக்கு விலை கூட. ஆனால் அது முதலில் இந்த இயந்திரத்துக்காகவே வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு புள்ளியையும் சிதறாமல் எடுத்துக் காட்டும். வருடக் கணக்கில் வைத்துப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இரண்டாவதற்கே செலவு செய்யுங்கள்.

போர்டு: நீங்களே செய்ய வேண்டியது ஏன்

பிஎன்சியிலும் படமில்லை, காதுக்கு "பீப்" கேட்டது என்றால், ஹெர்ட்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும், ஆசிலாஸ்கோப் வேண்டியதில்லை. திரைக்கான சிங்க்கை உருவாக்கும் ஐசி 2 என்ற 6845இன் 40ஆவது காலில் 50 ஹெர்ட்ஸும், 39ஆவது காலில் 15.6 கிலோஹெர்ட்ஸும் வர வேண்டும். இரண்டும் வந்தால் திரைக்கான தாளம் ஓடுகிறது. வராவிட்டால் 6845, அல்லது அதற்குக் கடிகாரம் கொண்டுவரும் பாதை.

தாளம் இருந்தும் திரை கறுப்பா? பார்க்காமலேயே ஆங்கிலத்தில் எம், ஓ, டி, இ, ஓர் இடைவெளி, 4 என்று தட்டி ரிட்டர்ன் அழுத்துங்கள். மோடு என்பது திரையின் காட்சி முறை; இயந்திரம் எழும்போது இருப்பது மோடு 7. அதன் எழுத்துகளை வரைவது ஐசி 5 என்ற எஸ்ஏஏ5050. மற்ற மோடுகளில் அதற்கு வேலையில்லை. மோடு 4ல் படம் வந்துவிட்டால், பழுது எஸ்ஏஏ5050 அல்லது அதற்கு முன்னால் நிற்கும் ஐசி 15. எந்த மோடிலும் வரவில்லை என்றால் வீடியோ யூஎல்ஏ, அதற்குப் பிறகான டிரான்சிஸ்டர்கள். இந்த ஒரு சோதனைக்கு ஆகும் செலவு பூஜ்யம். டிவி மெக்கானிக் இதைச் செய்ய மாட்டார், காரணம் திறமைக் குறைவல்ல. இந்த இயந்திரத்தின் மோடுகள் அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இருந்ததில்லை. போர்டை நீங்களே பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

திரை கறுப்பாக இல்லாமல் குப்பை எழுத்தாகவோ கோடுகளாகவோ நிறைந்திருந்தால் அது வேறு நோய், பெரும்பாலும் ராம். ஐசி 53 முதல் 68 வரை பதினாறு 4816 ராம் ஐசிகள். சூட்டில் விரல் தாங்காதது எதுவோ அதில் தொடங்குங்கள்.

எந்த ஐசியையும் மாற்றும் முன் சாக்கெட்டைப் பாருங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கிடந்த பெட்டி என்றால் இதை இரண்டு மடங்கு அழுத்திச் சொல்வோம். தோல் பதனிடுவதில் மயிர் நீக்க சோடியம் சல்பைடு பயன்படுகிறது. அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெள்ளியையும் செம்பையும் கறுப்பாக்கும். வெள்ளி முலாம் பூசிய ஐசி கால்கள் கரி பூசியது போல நிற்கும், சாக்கெட்டுக்குள் தொடர்பு விட்டு விட்டு வரும். மின்சாரத்தை நிறுத்தி, தட்டையான திருப்புளியால் இரு முனையிலும் மாறி மாறி அரை மில்லிமீட்டராகத் தூக்கி ஐசியை எடுங்கள். பள்ளம் எந்தப் பக்கம் என்று முதலிலேயே படம் எடுத்து வையுங்கள். கால்களைக் கண்ணாடி இழைப் பேனாவாலோ மென்மையான அழிப்பானாலோ துடைத்து, சாக்கெட்டில் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, இரண்டு மூன்று முறை செருகி எடுங்கள். துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே கூடாது. அது படலமாகத் தங்கித் தூசியை இழுக்கும். நம் பக்கத்துத் தூசியில் கல் குவாரிப் பொடியும் கலந்திருக்கும், எண்ணெயோடு சேர்ந்தால் அரம்தான். 6502, 6845, வீடியோ, சீரியல் என்ற இரண்டு யூஎல்ஏக்கள், ரோம்கள் எல்லாவற்றுக்கும் இதைச் செய்துவிட்டு மறுபடி சுவிட்சைப் போடுங்கள். படம் பல நேரம் இந்தக் கட்டத்திலேயே வந்துவிடும்.

வீடியோ யூஎல்ஏவே போயிருந்தால் இரண்டு தேர்வுகள்: இன்னொரு பழைய போர்டிலிருந்து கழற்றியது, அல்லது விடியோநூலா என்ற புதிய மாற்றுப் பலகை. கழற்றியதும் உங்களுடையதைப் போலவே பல பத்தாண்டு சூடு தின்றதுதான். விடியோநூலா அதே சாக்கெட்டில் உட்காரும், 4096 நிறத் தட்டும் தரும். பெட்டியை மூல வடிவில் காட்சிக்கு வைப்பவர் தவிர மற்றவர்களுக்குப் புதியதே சரி. எஸ்ஏஏ5050க்குத் தேடுவோர், டெலிடெக்ஸ்ட் வசதியுள்ள பழைய டிவிகளிலும் இது இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் "டெலிடெக்ஸ்ட் ஐசி" என்று கேட்டுப் பாருங்கள்.

அனுப்புவதா, எமுலேட்டரா

ஒலி நிற்காமல் நீள்கிறது, சாக்கெட்டுகள் சுத்தம், ரோமையும் மாற்றிப் பார்த்தாயிற்று என்றால்தான் வெளியூர். அப்போதும் முழுப் பெட்டியைப் பார்சலில் போடாதீர்கள். பவர் சப்ளையின் எடையில் பிளாஸ்டிக் உடைந்துவிடும். போர்டையும் கீபோர்டையும் மட்டும் கருநிற ஆன்டிஸ்டாட்டிக் பையில் வைத்து, முடிந்தால் காட்பாடியில் ரயிலேறி நீங்களே கொண்டு போங்கள். சென்னை சென்ட்ரலுக்குச் சுமார் இரண்டு மணி நேரம்தான். 6502இன் 8ஆம் காலில் எத்தனை வோல்ட், எந்த ஒலி, 6845இன் 39, 40ஆம் கால்களில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று ஒரு தாளில் எழுதி போர்டோடு ஒட்டி அனுப்புங்கள். அது பழுது பார்ப்பவரின் அரை நாளை மிச்சப்படுத்தும், உங்கள் கட்டணத்தையும்.

பள்ளிக் காலத்து நிரல்களை மறுபடி ஓட்டிப் பார்ப்பது மட்டுமே ஆசை என்றால் ஜேஎஸ்பீப் போன்ற எமுலேட்டர் பிரவுசரிலேயே ஓடும், பழுதே பார்க்க வேண்டாம். ஆனால் பெட்டியோடு பிளாப்பிகளும் கிடைத்திருந்தால், அவற்றிலிருப்பது வேறெங்கும் இல்லாத ஒரு ஆசிரியரின் உழைப்பாக இருக்கலாம். அதற்காகவாவது இயந்திரத்தை எழுப்புங்கள்.

படம் வந்த அன்றே மூடியைத் திருகி முடிக்காதீர்கள். சித்திரை வெயிலில் வேலூர் அறைக்குள் 38, 39 டிகிரி சாதாரணம். யூஎல்ஏவின் மேல் ஒட்டிய அலுமினியத் தகடு பசை காய்ந்து கழன்றிருந்தால் வெப்பப் பசையால் மறுபடி ஒட்டுங்கள். பிறகு மூடியைச் சும்மா மேலே வைத்து, மதியம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். நாற்பதாவது நிமிடத்தில் படம் கலைந்து, ஆறிய பின் திரும்பினால், காரணம் பெரும்பாலும் அந்த ஐசியின் சூடுதான்.